3,570 ரூபாயில் ஒரு விலையில்லா மடிக்கணினி

அக்காவின் தையல் கடையில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப், அவர் மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப காலப் பெட்டி. மூடியில் அரசு முத்திரை இன்னும் அழியவில்லை. இன்று அதில், விண்டோசுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்சின் ஒரு வகையான டெபியன் 13 இருக்கிறது. யூடியூப், வாட்ஸ்அப் வெப், கணக்குத் தாள் மூன்றையும் ஒன்றாகத் திறந்து வைத்தாலும் திணறுவதில்லை. மொத்தச் செலவு 3,570 ரூபாய். இதில் லினக்சுக்கு ஆன செலவு பூஜ்யம். லினக்ஸ் தனியாக நின்று சாதித்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். லினக்ஸ் அன்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் அந்தச் சபையில் பல வருடமாக உட்கார்ந்திருப்பவன்தான்.

பெட்டியின் நிலவரம்: 14 அங்குலத் திரை, இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையைச் சேர்ந்த இரண்டு கோர் பென்டியம் பிராசசர், 2 ஜிபி டிடிஆர்3 ராம், 320 ஜிபி வட்டு. உள்ளே விண்டோஸ் 7. பக்கத்துப் பிரிவில் பாஸ் லினக்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது இந்த பாஸ். அரசு பொதுப்பணத்தில் விண்டோஸ் வாங்கித் தரலாமா என்று கட்டற்ற மென்பொருள்காரர்கள் அன்றைக்கே சண்டை பிடித்தார்கள். கடைசியில் இரண்டும் சேர்ந்தே வந்தன. எங்கள் வீட்டில் அந்த இரண்டாவதை யாரும் திறந்து பார்த்ததில்லை. திறந்து காட்ட நானும் அப்போது ஊரில் இல்லை.

விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தியது. குரோம் உலாவியும் 109ஆம் பதிப்போடு அதைக் கைகழுவியது. அதற்குப் பிறகு எந்தத் தளத்துக்குப் போனாலும் உலாவியைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு பட்டை வந்து நின்றது. அக்காவின் தேவை பெரிதொன்றும் இல்லை. வாடிக்கையாளர்கள் அனுப்பும் ரவிக்கை மாதிரிகளைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும், கழுத்து வெட்டும் காணொளிகளை ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்துத் தைக்க வேண்டும், மாதக் கணக்கு எழுத வேண்டும். “புதிது வாங்குவதென்றால் எனக்கு வேண்டாம் தம்பி, இது ஓடினால் ஓடட்டும்” என்றார்.

முதல் வேலை வட்டைப் பார்ப்பது. பென் டிரைவிலிருந்து லினக்சை ஏற்றி, வட்டின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் கொண்டு சோதித்தேன். ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ என்ற வரியில் 56 என்று நின்றது. வட்டு படிக்க முடியாமல் முழிக்கிற இடங்களின் எண்ணிக்கை அது. பூஜ்யமாக இருக்க வேண்டும். இந்த நிலையில் கோப்புகளைச் சாதாரணமாக நகலெடுக்க முயன்றால், கெட்ட இடத்தில் முட்டி முட்டியே வட்டு செத்துவிடும். ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி வேறு மாதிரி வேலை செய்யும். முதல் சுற்றில் கெட்ட இடங்களைத் தாண்டிக்கொண்டு நல்லதை எல்லாம் அள்ளிவிடும். பிறகுதான் விட்டவற்றுக்குத் திரும்பும். எதுவரை முடிந்தது என்று ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் நின்றாலும் அங்கிருந்து தொடரலாம். பாட்டரி செத்த லேப்டாப், விழுப்புரத்துக் கோடை. மின்சாரம் போகாமல் இருக்குமா? போனது. மேப் கோப்பு காப்பாற்றியது.

அக்கா மகளின் கல்லூரிப் படங்கள் எல்லாம் வந்துவிட்டன. பள்ளிக் குறிப்புகளைத் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குழம்பிக் கிடந்தன. வானவில் எழுத்துருவில் தட்டியவை. அந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். ஒருங்குறி (யூனிகோட்) மாற்றி ஒன்றில் கொடுத்து எடுத்துக்கொண்டேன்.

அடுத்து நான் செய்தது, இந்த மாதிரிப் பெட்டிக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம். பழைய வட்டு, பழைய 2 ஜிபி ராம் இரண்டையும் தொடாமல், இருப்பதிலேயே இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது. ஆன்டிஎக்ஸ் போட்டேன். ஏறி முடித்ததும் நினைவகப் பயன்பாட்டைப் பார்த்தால் 210 எம்பி. மனம் குளிர்ந்தது. மெனு படபடவென்று திறந்தது, கோப்பு மேலாளர் கண் இமைக்கும் முன் வந்தது. பிறகு உலாவியைத் திறந்தேன். வாட்ஸ்அப் வெப் ஒரு டேப், யூடியூப் ஒரு டேப், இணையக் கணக்குத் தாள் ஒரு டேப். உலாவி மட்டும் 1.6 ஜிபியைத் தொட்டது. ராம் நிரம்பியதும் மிச்சம், ராமுக்கு உதவியாக வட்டில் ஒதுக்கும் ஸ்வாப் என்ற இடத்துக்குப் போக, அந்த ஸ்வாப் இருப்பதோ குற்றுயிராகக் கிடக்கும் வட்டில். மவுஸை நகர்த்தினால் அம்பு நகர்வதற்குள் ஒரு ஊசியில் நூல் கோத்துவிடலாம் என்று அக்காவே சொல்லிவிட்டார். இலகுவான உலாவி ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். அதில் வாட்ஸ்அப் வெப் திறக்கவே இல்லை.

இங்கேதான் என் கருத்து மாறியது. டெபியனும் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்பும் இந்தப் பெட்டியில் சும்மா இருக்கும்போது எடுத்துக்கொள்வது 680 எம்பி என்று பின்னால் அளந்து பார்த்தேன். ஆன்டிஎக்சோடு வித்தியாசம் 470 எம்பி. உலாவியில் கனமான தளம் ஒன்றைத் திறந்தால் போதும், அந்த மிச்சம் காணாமல் போய்விடும். எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) இலகு, எந்த டெஸ்க்டாப் இலகு என்று நாங்கள் பக்கம் பக்கமாக விவாதிப்பது, காஜாவில் நூலை மிச்சம் பிடித்துவிட்டுத் துணியைக் கெஜக் கணக்கில் வீணாக்குவது போன்றது. கனம் இயங்குதளத்தில் இல்லை, இணையத்தில் இருக்கிறது. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது, பழைய கணினியை எறியாதே, லினக்ஸ் போடு என்ற குரல் எல்லாப் பக்கமும் கேட்டது. சரியான குரல்தான். ஆனால் அதோடு, முதலில் ராம் போடு என்று சேர்த்துச் சொன்னவர்கள் குறைவு.

ஆகவே திறப்பு விழா. கருவிகள்: சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், இடுக்குகளை நெம்ப ஒரு காலாவதியான ஏடிஎம் அட்டை, ஐசோபுரோபைல் ஆல்கஹால், பழைய பல் துலக்கி. திருகாணிகளை அக்காவின் பட்டன் டப்பாவில் அறை அறையாகப் போட்டுவைத்தேன். எந்த அறை எந்த மூலை என்று தையல் சாக்பீஸால் மூடியில் எழுதிக்கொண்டேன். கடையில் வேலை செய்வதில் இப்படிச் சில வசதிகள் உண்டு. ராமும் வட்டும் இருப்பது பின்பக்கத்தில் தனி மூடிக்குள். அதைத் திறக்க இரண்டு நிமிடம். விசிறியை எடுக்கத்தான் விசைப்பலகை, மேல் தட்டு எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருந்தது.

விசிறிக்கும் செம்புக் குழாயின் துடுப்புகளுக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரிப் படிந்து, ஒரே துண்டாக உரிந்து வந்தது. பாதி நூல் பிசிறு, பாதி தலைமுடி. பிராசசர் மேல் இருந்த, வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. ஆல்கஹாலில் துடைத்து, புதுப் பேஸ்ட் பட்டாணி அளவு வைத்து, நான்கு திருகாணிகளையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். யூடியூப் ஓடும்போது முன்பு 92 டிகிரி வரை ஏறியது, பிறகு 71-இல் நின்றது. பேஸ்ட் விலை 180 ரூபாய். இந்தப் பட்டியலில் கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பித் தந்தது இதுதான் என்பேன். கூடவே பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) நேரத்தைக் காக்கும் 2032 பொத்தான் பாட்டரியும் மாற்றினேன், 40 ரூபாய். கடிகாரம் தவறாக இருந்தால் இணையத் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவை என்று உலாவி அலறும். காரணம் தெரியாதவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

ராமுக்குச் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெரு. பழைய ராம் குச்சியில் பிசி3-10600எஸ் என்று இருந்தது. கடையில் கிடைத்தது பிசி3எல்-12800எஸ், 4 ஜிபி. அந்த ‘எல்’ எழுத்துக்கு 1.35 வோல்ட் என்று பொருள். இந்தத் தலைமுறை மதர்போர்டு கொடுப்பது 1.5 வோல்ட். ‘எல்’ குச்சி இரண்டிலும் ஓடும், வேகம்தான் பழைய போர்டுக்கு ஏற்ப இறங்கிக்கொள்ளும். தலைகீழாக, 1.35 மட்டும் கொடுக்கும் புதிய போர்டில் ‘எல்’ இல்லாத குச்சியைப் போட்டால் வேலை செய்யாது. பழையது வாங்குகிறவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். விலை 750. “போன வருடம் இதையே பாதி விலைக்குக் கொடுத்தேன் சார்” என்றார் கடைக்காரர். நம்பத்தான் வேண்டியிருந்தது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி செய்வதில் லாபம் கூடுதல் என்று தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்று வந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்துவிட்டது. எங்கோ ஒரு சாட்பாட் கவிதை எழுதுவதற்கான விலையில் ஒரு பங்கை விழுப்புரத்துத் தையல்காரர் கட்டுகிறார்.

240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி 2,350 ரூபாய். பழைய 2 ஜிபி குச்சியையும் எறியாமல் சேர்த்துப் போட்டதில் மொத்தம் 6 ஜிபி. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பிழை ஒன்றும் இல்லை. பழைய ராம் வாங்கினால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிட வேண்டும்.

இனி டிஸ்ட்ரோ. லினக்ஸ் எந்தப் பழைய கணினியையும் கைவிடாது என்பது பாதி உண்மை. எல்எஸ்சிபியு கட்டளையில் இந்தப் பென்டியத்தின் அம்சப் பட்டியலைப் பார்த்தால், பிராசசரின் கூடுதல் கட்டளைத் தொகுப்புகளில் எஸ்எஸ்இ4.2 இருக்கிறது, ஏவிஎக்ஸ் இல்லை. இதே தலைமுறைக் கோர் ஐ5-இல் ஏவிஎக்ஸ் உண்டு. மலிவுச் சிப்பில் மட்டும் இன்டெல் அதை அடைத்துவிட்டது. மறையாக்கத்தை விரைவாக்கும் ஏஇஎஸ் கட்டளைகளும் அப்படித்தான், அதனால் முழு வட்டையும் மறையாக்கம் செய்யும் எண்ணத்தைக் கைவிட்டேன். 2025-இல் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10-க்கு ஏவிஎக்ஸ்2 உள்ள பிராசசர் கட்டாயம். அந்த வாசல் இந்தப் பெட்டிக்குச் சாத்தப்பட்டுவிட்டது. டெபியனும் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியை நிறுத்திக்கொண்டது. நல்லவேளையாக, 64 பிட் என்றால் எவ்வளவு பழையதாக இருந்தாலும் டெபியன் ஏற்கிறது. அதனால் டெபியன், அதனால் எக்ஸ்எஃப்சிஇ.

நிறுவியதும் இரண்டு திருத்தம். ஒன்று, இசட்ராம். ராமின் ஒரு பகுதியை அழுத்திச் சேமிக்கும் ஸ்வாப்பாக மாற்றுவது. பாதி ராம் அளவுக்கு வைத்து, மெதுவான பிராசசர் என்பதால் வேகமாக அழுத்தும் எல்இசட்4 முறையைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாவதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது. அக்கா வாங்கி வைத்திருந்த எம்பிராய்டரி மாதிரிகளின் பெரிய ஜிப் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் எல்லாம் உறைந்து நின்றது. எஸ்எஸ்டியைச் சந்தேகித்தேன், ராமைச் சந்தேகித்தேன், மறுபடி மெம்டெஸ்ட் ஓட்டினேன். உண்மையில், டெபியன் 13-இல் தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி அடைவு இயல்பாகவே ராமில் உட்கார்ந்திருக்கிறது. பாதி ராம் வரை அது எடுத்துக்கொள்ளலாம். ஜிப் அங்கே விரிந்து ராமை நிரப்பிவிட்டது. 16 ஜிபி வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு, நமக்கு அல்ல. சிஸ்டம்சிடிஎல் கட்டளை கொண்டு டிஎம்பி டாட் மவுண்ட் என்ற யூனிட்டை மாஸ்க் செய்து, அதாவது முடக்கி, மறுபடி தொடங்கியதும் தொல்லை தீர்ந்தது. வெளியீட்டுக் குறிப்புகளில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

வைஃபைக்கு வருவோம். பெட்டியோடு வந்த வைஃபை அட்டைக்குத் தயாரிப்பாளரின் மூடிய ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் உள் மென்பொருள்) வேண்டும். ஒரு காலத்தில் இந்த இடத்தில்தான் டெபியன் நிறுவல் முட்டிக்கொண்டு நிற்கும். இன்னொரு கணினியில் அந்தக் கோப்பைத் தேடி, பென் டிரைவில் எடுத்து வந்து கொடுக்க வேண்டும். 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, இத்தகைய ஃபர்ம்வேரை அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே சேர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பு முதல் அது நடைமுறை. கொள்கை நீர்த்துப்போனது என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. லேன் கம்பியே இல்லாத ஒரு தையல் கடையில் உட்கார்ந்து யோசித்தால் அந்த வாக்கெடுப்பு சரி என்றுதான் தோன்றும். நிறுவல் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது.

ஆனால் வேகம்? ரூட்டர் மாடியில், கடை கீழே. 4 எம்பிபிஎஸ்-க்கு மேல் ஏறவில்லை, அடிக்கடி அறுந்தது. அதே இடத்தில் என் செல்பேசிக்கு 30 வந்தது. டிரைவரின் மின்சேமிப்பை அணைத்துப் பார்த்தேன், சேனலை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ரிச்சி தெருவில் 250 ரூபாய்க்கு ஒரு பழைய ஏதெரோஸ் ஏஆர்9285 அட்டை வாங்கினேன். சில லேப்டாப்களின் பயாஸ், தனக்குத் தெரியாத வைஃபை அட்டையைக் கண்டால் ஏறவே மறுக்கும், இது மறுக்கவில்லை. கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆன்டெனா கம்பிகள். அவற்றின் நுனியில் கடுகை விடச் சற்றே பெரிய பித்தளை வளையம். அதை அட்டையின் முளை மேல் நேர் செங்குத்தாக வைத்து அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் வளையம் நசுங்கி அதோடு சரி. விரலுக்கு அடங்கவில்லை. அக்கா ஓவர்லாக் இயந்திரத்துக்கு நூல் கோக்கும் வளைந்த முனை இடுக்கியைக் கொண்டுவந்து, “நீ நகரு” என்று தானே பொருத்திவிட்டார்.

இப்போது 28 எம்பிபிஎஸ் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த அட்டைக்கான ஏடிஎச்9கே டிரைவருக்கு ஃபர்ம்வேர் எதுவும் தேவையே இல்லை. வாக்கெடுப்பில் தோற்ற தூய்மைவாதிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை 250 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

யூடியூப் முதலில் 480பி-யிலேயே இரண்டு கோர்களையும் முழுதாக விழுங்கியது. யூடியூப் அனுப்புவது விபி9 அல்லது ஏவி1 என்ற காணொளி வடிவம்; அவற்றைப் பிரிக்கும் வன்பொருள் இந்தக் காலத்துச் சிப்பில் கிடையாது, எல்லாம் பிராசசர் தலையில். எச்264இஃபை என்ற உலாவி நீட்சியைப் போட்டால் யூடியூப் பழைய எச்.264 வடிவத்தில் அனுப்பும். இப்போது 720பி தடையில்லாமல் ஓடுகிறது. கழுத்து வளைவைப் பார்க்க அது போதும்.

தமிழ் உள்ளீட்டுக்கு ஐபஸ்-எம்17என். தமிழ்99 விசைப்பலகையின் பெருமைகள் பற்றி ஒரு பிரசங்கமே தயாராக வைத்திருந்தேன். செல்பேசியில் ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகிய அக்கா அதைக் கேட்கும் மனநிலையில் இல்லை. ஒலிபெயர்ப்பு முறையையே வைத்துவிட்டேன்.

கணக்கு: எஸ்எஸ்டி 2,350, ராம் 750, வைஃபை அட்டை 250, பேஸ்ட் 180, பொத்தான் பாட்டரி 40. புதிய பாட்டரிக்கு 1,600 கேட்டார்கள், வாங்கவில்லை. பாட்டரியும் திரையும் சேர்ந்து போயிருந்தால் இந்த வேலையைத் தொட்டிருக்கவே கூடாது. கம்பெனிகள் கழித்துக் கட்டும் பழைய லேப்டாப்கள் 8 ஜிபி ராமோடு 15,000 ரூபாய் வாக்கில் கிடைக்கின்றன. 6,000-ஐத் தாண்டினால் அந்தப் பக்கம் போவதே புத்திசாலித்தனம்.

அடுத்த முறை இலகு டிஸ்ட்ரோ பரிசோதனை கிடையாது. வட்டைக் காப்பாற்றியதும் நேராக ராம். 4 ஜிபி குச்சி இரண்டாக வாங்கிவிடுவேன், விலை இன்னும் ஏறுவதற்குள். வைஃபை வேகத்தைக் கடையில் வைத்து முன்னமே அளந்திருந்தால் பெட்டியை இரண்டாவது முறை கழற்றியிருக்க வேண்டாம்.

செய்தி பரவி, பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். 2021-இல் வாங்கியது, மெலிதாக, பார்க்க அழகாக இருந்தது. இதற்கும் அதே மாதிரி ராம் போடச் சொன்னார். திறந்தேன். 4 ஜிபி ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது, 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பும் அப்படியே. ஸ்லாட் ஒன்றுகூட இல்லை. அதைவிடப் பத்து வருடம் மூத்த அரசுப் பெட்டியில் செய்த எதையும் இதில் செய்ய வழியில்லை. டெபியனும் இசட்ராமும் போட்டு, ஒரே நேரத்தில் இரண்டு டேப்புக்கு மேல் திறக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன். 200 ரூபாய் நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.